கெப்சியூல் தூளை முரசில் தேய்த்தால் போதாதா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 52 வயது. கொழுந்து எடுக்கப் போகிறார். சீனி வருத்தம் இருக்கிறது, புகையிலையோடு வெற்றிலையும் போடுவார். ஒரு வருடமாகப் பல் தேய்த்தால் முரசிலிருந்து இரத்தம் வருகிறது. கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு லேசாக ஆடுகிறது. ஹட்டனில் பல் டொக்டரிடம் காட்டினோம். பல்லைச் சுத்தம் செய்யும் அன்றைக்கே அந்த இரண்டு பல்லுக்கும் முரசுக்குள் அன்டிபயோட்டிக் ஜெல் வைக்கலாம் என்றார். அதற்குத் தனிக் காசு. எங்கள் லயத்தில் ஒருவரோ, அன்டிபயோட்டிக் கெப்சியூலைப் பிரித்துத் தூளை முரசில் தேய்த்தால் போதும், தனக்கு அப்படித்தான் சுகமானது என்கிறார். என்ன செய்வது?”

தூள் வேண்டவே வேண்டாம். ஜெல்லுக்கும் இப்போது அவசரமில்லை. முதலில் சுத்தம் செய்து முடியுங்கள்.

பல்லுக்கும் முரசுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சின்ன இடுக்கு உண்டு. 3 மில்லிமீட்டர் ஆழம் வரை பயமில்லை. முரசு நோய் முற்றும்போது அது 5, 6 என்று இறங்கிப் பை போலாகிவிடும். அந்தப் பைக்குள் பல்வேரில் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, படிந்திருக்கும், காரையின் மேல் கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டியிருக்கும். பீலிக்கரைக் கல்லில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்கத் தண்ணீர் விழுந்தாலும் அது போகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதுவும் அப்படித்தான். படலத்தைச் சுரண்டி எடுக்காதவரை எந்த மருந்தும் உள்ளே சரியாக இறங்காது.

தூளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முரசிலிருந்து பைக்குள் எந்நேரமும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். 5 மில்லிமீட்டர் பையில் அது மணிக்கு ஏறக்குறைய 40 தடவை மாறிவிடுகிறது. வெளியே தேய்த்த தூளில் ஏதாவது உள்ளே போனாலும் சில நிமிடத்தில் கழுவுப்பட்டுவிடும். தூள் பட்ட இடம் புண்ணாகவும் கூடும். அரைகுறையாக மருந்து பட்ட கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காமல் போகவும் வழி இருக்கிறது.

ஜெல்லைத் தயாரித்திருப்பதே இந்தக் கழுவுதலுக்கு ஈடுகொடுக்கத்தான். டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் ஜெல் பைக்குள் போனதும் இறுகி, ஒரு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். மினோசைக்ளின் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக் நுண்மணிகளாக வரும், அவை இரண்டு வாரம் வரை நிற்கும். வயிற்றைக் கெடுக்காமல் வேண்டிய இடத்தில் மட்டும் மருந்து நிறைய இருக்கும் என்பது இதில் உள்ள நல்ல விஷயம். ஆனால் இதைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள். நல்ல சுத்தத்தோடு ஜெல்லும் சேர்ந்தால், சுத்தம் மட்டும் செய்ததைவிடப் பையின் ஆழம் கூடுதலாகக் குறைவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான்.

சரி, லயத்துக்காரருக்கு எப்படிச் சுகமானது? இதற்குப் பதில் நம் தேயிலை மலையிலேயே இருக்கிறது. ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1970 முதல் 15 வருடம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆண் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பார்த்து வந்தார்கள். பல் வைத்தியம் கிடைக்காதவர்கள், பிரஷ் பிடித்துப் பழகாதவர்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் காரையும் முரசு வீக்கமும் இருந்தன. ஆனாலும் 8 சதவீதத்தினருக்குத்தான் நோய் வேகமாக ஓடியது. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. பல் மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற ஆய்வு இது. (படித்துப் பயன்பெற்றவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள், வாயைத் திறந்து காட்டியவர்கள்தான் நம்மவர்கள்.) அந்த 11 சதவீதத்தில் ஒருவராக உங்கள் பக்கத்துக் காம்பராக்காரர் இருந்தால், எதைத் தேய்த்தாலும் அவருக்கு நோய் முற்றியிருக்காது. அம்மாவுக்கு ஏற்கெனவே பல் ஆடுகிறது, அவர் கதை வேறு.

அதனால் டொக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு, வேர் வரை சுத்தம் செய்துவிட்டு, மூன்று மாதமளவில் திரும்ப அளக்க முடியுமா என்று கேளுங்கள். அப்போதும் ஓரிரு இடத்தில் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இரத்தமும் வந்தால், ஜெல்லுக்குக் கொடுக்கிற காசு வீணாகாது. வாய் முழுக்க அப்படியென்றால் ஜெல் சரிவராது, சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும். முதல் நாளே ஜெல் வைக்கிற டொக்டர்மாரும் உண்டு. அது தவறில்லை, ஆனால் சுத்தத்தோடு தானாகவே ஆறியிருக்கக்கூடிய பைக்கும் சேர்த்துக் காசு கட்டுவீர்கள். காசு தட்டுப்பாடென்றால் அரச வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். சிக்கலான கேஸ் என்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

ஜெல் வைத்தால் அந்த இடத்தை டொக்டர் சொல்லும் நாள்வரை பிரஷ்ஷாலோ குச்சியாலோ நோண்டக் கூடாது. டொக்சிசைக்ளினுக்கு ஒரு வாரம். இந்த இரண்டு மருந்தும் டெட்ராசைக்ளின் வகை. அந்த வகை மருந்துக்கு முன்பு எப்போதாவது தடிப்போ மூச்சுமுட்டலோ வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது ஆகாது.

அம்மாவின் சீனி கட்டுப்படாமல் முரசு சரியாக ஆறாது. கிளினிக்கில் மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வெற்றிலையை ஒரேயடியாக விட முடியாதென்றால் புகையிலையையாவது முதலில் எடுத்துவிடட்டும். சுத்தம் செய்த பிறகு சில வாரம் பச்சைத் தண்ணீர் பட்டால் பல் கூசும், நுவரெலியாக் குளிரில் கேட்கவே வேண்டாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மட்டும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.