தினமும் நூறு கிலோமீட்டர்: எந்த வண்டி தாங்கும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுராந்தகத்தில் குடியிருக்கிறேன். ஒரகடத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கம்பெனி பஸ் செங்கல்பட்டு வரைதான் வருகிறது என்பதால் மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். மைலேஜ் தரும் 100 சிசி வண்டியே போதும் என்கிறார் அப்பா. தினமும் இவ்வளவு தூரம் என்றால் 350 சிசி வண்டிதான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறார்கள். அப்பா பெட்ரோல் செலவைப் பார்க்கிறார். நண்பர்கள் உடல் அலுப்பைப் பார்க்கிறார்கள். இரண்டையும் தீர்மானிப்பது நீங்கள் ஓட்டப்போகும் சாலையும், அந்தச் சாலை உங்களிடம் எதிர்பார்க்கும் வேகமும்தான். அங்கிருந்து தொடங்கினால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

மதுராந்தகத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை உங்கள் பயணம் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில். தென்மாவட்டப் பேருந்துகளும் லாரிகளும் 80 கிலோமீட்டர் வேகத்தில் சர்வசாதாரணமாக வரும் சாலை அது. அதன் பிறகு ஒரகடம் வரை கன்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் நிறைந்த தொழிற்பேட்டைச் சாலை. முதல் பகுதியில் நீங்கள் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்ல வேண்டியிருக்கும். தேவைப்படும்போது சற்று வேகமெடுத்து ஒரு லாரியின் பக்கத்திலிருந்து விலகிப் போகவும் என்ஜினில் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். 100 சிசி வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடாமல் இல்லை. ஆனால் அதன் என்ஜின் தரும் சக்தி ஏறத்தாழ 8 குதிரைத்திறன். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதன் பெரும்பகுதி செலவாகிவிடும். எதிர்க்காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்ததைவிட 80-இல் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடுகிறது, அதை வெல்ல என்ஜின் தரவேண்டிய சக்தியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. தினமும் நெடுந்தூரம் ஒரு சிறிய என்ஜினை அதன் எல்லைக்கு அருகில் வைத்து ஓட்டினால், அப்பா எதிர்பார்க்கும் மைலேஜும் கிடைக்காது, என்ஜினுக்கும் அது நல்லதல்ல.

இப்போது பணத்தைக் கணக்கிடுவோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 2,500 கிலோமீட்டர், ஆண்டுக்கு 30,000. லிட்டருக்கு 100 சிசி வண்டி 60, 160 சிசி வண்டி 45, 350 சிசி வண்டி 35 கிலோமீட்டர் தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் செலவு முறையே 50,000, சுமார் 66,700, சுமார் 85,700 ரூபாய் வருகிறது. 100 சிசியிலிருந்து 160 சிசிக்குப் போனால் மாதம் ஏறத்தாழ 1,400 ரூபாய் கூடுதல். அங்கிருந்து 350 சிசிக்குப் போனால் அதற்கு மேலும் 1,600 ரூபாய். முதல் 1,400 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது பாதுகாப்பும் சீரான ஓட்டமும் என்பதால் அதைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. இரண்டாவது 1,600 ரூபாய்க்கு இந்தச் சாலையில் அதே அளவு பயன் இல்லை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. ஹோண்டா யூனிகார்னின் எடை 140 கிலோவை ஒட்டியது. சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பில் ஷிஃப்ட் விடும் நேரத்து நெரிசலில் அந்த 55 கிலோ வித்தியாசம் மணிக்கட்டிலும் முழங்காலிலும் தெரியும். பெரிய வண்டி வேண்டும் என்ற ஆசை தவறில்லை. ஆனால் மாதத்துக்கு 25 நாள் தொழிற்பேட்டைக்குப் போய்வருவது வேறு, ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போய்வருவது வேறு.

ஆகவே உங்களுக்கு 150 முதல் 160 சிசி வரையிலான வண்டியே பொருத்தம். யூனிகார்ன், யமஹா எஃப்.இசட்., டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 ஆகிய மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பது என்றால் ஷோரூம் வாசலில் ஒரு வட்டம் அடிப்பது அல்ல. நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். கடைசி கியரில் 60, 70, 75 என்று ஒவ்வொரு வேகத்திலும் சில நிமிடங்கள் நிலையாக வைத்து ஓட்டி, பின்பக்கக் கண்ணாடியைக் கவனியுங்கள். பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட் கண்ணாடியில் தெளிவாக நின்றால் அந்த வேகத்தில் என்ஜினுக்குச் சிரமம் இல்லை. பிம்பம் கலங்கி நடுங்கினால், அதே அதிர்வு ஹேண்டில்பார் வழியாக உங்கள் உள்ளங்கைக்கும் ஃபுட்ரெஸ்ட் வழியாகப் பாதத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்; ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். எந்த வண்டி உங்கள் வேகத்தில் கலங்காமல் ஓடுகிறதோ அதுவே உங்கள் வண்டி.

என்ஜினுக்கு அடுத்தபடியாக மூன்றைப் பாருங்கள்: பிரேக், டயர், விளக்கு. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். விலை குறைந்த வகைகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும்; இரண்டு சக்கரங்களுக்கும் இருக்கும் வகை கைக்கு எட்டும் விலையில் இருந்தால் தயங்காமல் அதை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்டெய்னர் லாரிகள் சிந்திய டீசலும் மண்ணும் கலந்த சாலையில் பின் சக்கரம் வழுக்குவதுதான் முதல் ஆபத்து. டயர் ட்யூப்லெஸ்ஸாக இருப்பது அவசியம். கம்பிச் சக்கரம் பார்க்க அழகாக இருந்தாலும் பெரும்பாலும் அதில் ட்யூப் இருக்கும். இரவு பத்து மணிக்குப் படாளம் தாண்டி பஞ்சர் ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ட்யூப்லெஸ் டயர் என்றால் பெரும்பாலும் காற்று மெல்ல இறங்கும், அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டிச் சென்றுவிடலாம். விளக்கைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே வண்டி வைத்திருப்பவர் யாரையாவது கேட்டு, தெருவிளக்கு இல்லாத இடத்தில் டிம்மில் எவ்வளவு தூரம் சாலை தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வாரண்டி ஆண்டுக் கணக்கிலோ கிலோமீட்டர் கணக்கிலோ, எது முந்துகிறதோ அதில் முடிந்துவிடும். ஐந்தாண்டு வாரண்டி என்று விற்பனையாளர் சொல்லும்போது அதிலுள்ள கிலோமீட்டர் வரம்பைக் கேளுங்கள். உங்களுக்குப் பொருந்தப் போவது அந்த வரம்புதான். இலவச சர்வீஸ்களும் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். ஆண்டுக்குள் ஐந்து முதல் பத்து சர்வீஸ், அநேகமாக ஒரு பின் டயர், ஒரு செயின் செட் என்று செலவு வரும். எனவே மதுராந்தகத்திலோ செங்கல்பட்டிலோ நல்ல சர்வீஸ் சென்டர் இருக்கும் நிறுவனத்தின் வண்டியையே எடுங்கள். செயினுக்கு ஐநூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் விட வேண்டும். உங்கள் கணக்கில் அது வாரம் ஒருமுறை. வேலைக்குப் போகாத நாளில் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் செங்கல்பட்டு வரை மட்டும் வண்டியில் போய், அங்கிருந்து கம்பெனி பஸ் ஏறுங்கள். எட்டு மணி நேரம் விழித்து வேலை செய்துவிட்டு, முகத்தில் வெயில் அடிக்க 50 கிலோமீட்டர் ஓட்டுவதில் வரும் தூக்கத்தை எந்த ஏ.பி.எஸ்ஸாலும் தடுக்க முடியாது.

கேள்வி: எனக்கும் தினமும் 60 கிலோமீட்டர் பயணம் உண்டு. ஆனால் கையில் இருப்பது 60,000 ரூபாய்தான். பழைய 150 சிசி வண்டி வாங்கலாமா, அல்லது தவணையில் புதிய 100 சிசி வண்டி எடுக்கலாமா? – விருத்தாசலம் வாசகர்

பதில்: உங்கள் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டிய தேவை இல்லையென்றால் புதிய 100 அல்லது 110 சிசி வண்டியே நல்லது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், சில ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட விலையை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். ஆன்-ரோடு விலையைப் புதிதாகக் கேளுங்கள்.

பழைய வண்டிதான் என்று முடிவெடுத்தால், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கொண்ட வண்டியாக, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததாகப் பாருங்கள். காலையில் என்ஜின் சூடாகும் முன்பே போய், உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பின்னால் உள்ள பல்சக்கரத்தின் பற்கள் நிமிர்ந்திருக்காமல் ஒரு பக்கமாக வளைந்து கொக்கி போல ஆகியிருந்தால் செயின் செட் செலவு உடனே வரும். ஓடோமீட்டர் 18,000 என்று காட்டி, பிரேக் பெடலின் மேற்பரப்பும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் நம்ப வேண்டியது ரப்பரைத்தான். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் நடுவில் ஏற்படும் விபத்தில் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது பெரும் சிக்கலாகிவிடும்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வர 90 கிலோமீட்டர் ஆகிறது. மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்கிறார்களே?

பதில்: மிச்சமாகும் என்பது உண்மை. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் என்று கொண்டால், யூனிட்டுக்கு 10 ரூபாய் கொடுத்தாலும் 40 ரூபாய்தான். நல்ல மைலேஜ் தரும் பெட்ரோல் வண்டிக்கே அதே தூரத்துக்கு 160 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 180 யூனிட் உங்கள் வீட்டு மீட்டரில் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழான யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கான கட்டணமும் உயர்ந்துவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உண்மையான கேள்வி தூரம்தான். நிறுவனம் சொல்லும் தூரம் சோதனை முறையில் அளந்தது. நெடுஞ்சாலையில் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பதாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பேட்டரிக்கு வயதாக ஆக அதுவும் குறையும். கோவையில் உங்கள் அலுவலகத்தில் சார்ஜ் செய்யும் வசதி உறுதியாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால், 150 கிலோமீட்டருக்கு மேல் சான்றளிக்கப்பட்ட பெரிய பேட்டரி வண்டியை மட்டுமே பாருங்கள்.

கேள்வி: புதுக்கோட்டையில் வசிக்கிறேன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். உயரம் 5 அடி 1 அங்குலம். ஸ்கூட்டரில் முதுகு வலிக்கிறது. கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா, அம்மா திட்டுகிறார்.

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். முதுகு வலிக்கு முக்கியமான காரணம் ஸ்கூட்டரின் சிறிய சக்கரம். 10 அல்லது 12 அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும் இடத்தில், மோட்டார் சைக்கிளின் 18 அங்குலச் சக்கரம் அதன் மேல் உருண்டு போய்விடும். அறந்தாங்கியை ஒட்டிய கிராமச் சாலைகளில் இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும். உயரத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர், எடை 112 கிலோ. ஹோண்டா ஷைன் 125 அதற்கு மிக அருகில்தான். இரண்டு பாதங்களும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதில்லை. ஒரு பாதம் நன்றாக ஊன்ற முடிந்தாலே வண்டியை நிறுத்திப் பிடிக்கலாம். கடையில் நீங்கள் பள்ளிக்குப் போடும் அதே செருப்பை அணிந்து ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும். பள்ளிக்குச் சேலைதான் கட்டிப் போகிறீர்கள் என்றால் கால் மாற்றிப் போட்டு உட்காரும் மோட்டார் சைக்கிள் உங்களுக்குச் சங்கடம். இரண்டு சக்கரமும் 12 அங்குலமாக உள்ள ஸ்கூட்டருக்கு மாறிப் பாருங்கள், வலி ஓரளவு குறையும். சுடிதார் என்றால், செயின் முழுவதும் மூடப்பட்ட வண்டியாகத் தேர்ந்தெடுத்து, துப்பட்டாவை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். அம்மாவின் பயம் பெரும்பாலும் கியரைப் பற்றியதாகத்தான் இருக்கும். விடுமுறை நாள் காலையில் ஊருக்கு வெளியே உள்ள மைதானத்துக்கு அவரையும் அழைத்துப் போய், கிளட்சை மெதுவாக விட்டு வண்டியை நகர்த்துவதை அவர் பார்க்கப் பழகுங்கள். அதன் பிறகு உரிமத்தில் கியர் வண்டிக்கான அனுமதியைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம்.