எலுமிச்சைச் சாறு லைனில் டயஃப்ரம் உப்புவது ஏன்?

புளியங்குடி வாசகர்: எலுமிச்சைச் சாறு எடுக்கும் சிறு ஆலை எங்களுடையது. டயஃப்ரம் வால்வுகளில் (வளையும் தகடு அமுங்கி வழியை அடைக்கும் வால்வு) போட்டிருப்பது இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். புளிப்பு தாங்கும் என்றுதான் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே உப்பிப்போய், வால்வு சரியாக மூடுவதில்லை. பிழியும் மெஷினை ஒட்டிய வால்வுதான் முதலில் போகிறது. விட்டான் என்ற ஃப்ளூரின் ரப்பருக்கு மாறலாமா?

புளிப்பை இ.பி.டி.எம். தாங்கத்தான் செய்யும், சிட்ரிக் அமிலத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது தோல் எண்ணெய். பழத்தைப் பிழியும்போது தோலிலிருந்து இறங்கும் அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அதை இ.பி.டி.எம். உறிஞ்சிக்கொண்டு உப்பும், தொட்டால் மெத்தென்று அமுங்கும். மெஷினை ஒட்டிய வால்வு முதலில் போவதும் இதனால்தான்.

விட்டான் அந்த எண்ணெயைத் தாங்கும். ஆனால் வேலை முடிந்ததும் 2 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலை 80 டிகிரியில் ஓட்டிக் கழுவுவீர்கள், ஆவியும் விடுவீர்கள். சூடான காஸ்டிக்கில் சாதாரண விட்டான் இறுகி விரிசல் விடும். சரக்கை மட்டும் பார்த்து டயஃப்ரம் வாங்கக் கூடாது. கழுவும் மருந்து, அதன் சூடு, ஆவி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது, சாறு படும் முகம் டெஃப்லான், பின்னால் இ.பி.டி.எம். மெத்தை உள்ள இரட்டை டயஃப்ரம். தண்ணீர் லைனுக்கும் காஸ்டிக் லைனுக்கும் வெறும் இ.பி.டி.எம். போதும், அங்கே காசை வீணாக்காதீர்கள்.

மாட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டெஃப்லான் ரப்பர்போல் மீண்டு வராது. அழுத்தம் பட்ட இடத்தில் மெல்ல நகர்ந்து மெலியும், போல்ட் தளரும். வால்வைக் கொஞ்சம் திறந்த நிலையில் வைத்து, எதிரெதிர் போல்ட்டாக, இரண்டு மூன்று சுற்றில், வால்வு தயாரித்தவர் கொடுத்த டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். முதல் தடவை ஆவி விட்டு, முழுக்க ஆறிய பிறகு அதே அளவுக்கு இன்னொரு முறை. சூட்டோடு சூடாக முறுக்கவே கூடாது. கசிகிறதே என்று கைச்சக்கரத்தை இறுக்கினால் டெஃப்லான் முகத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

அம்பாசமுத்திரம் வாசகர்: நெய் லைனுக்கு நைட்ரில் ரப்பர் போதுமா?

நெய்க்குப் போதும், கழுவலுக்குப் போதாது. கழுவும்போது ஓட்டும் நைட்ரிக் அமிலமும் ஆவியும் நைட்ரிலை இறுக வைத்து வெடிக்கச் செய்யும். நெய், கிரீம் இரண்டுக்கும் டெஃப்லான் முகம் போடுங்கள். பால் லைனுக்கு இ.பி.டி.எம். தாராளம்.

கங்கைகொண்டான் வாசகர்: வாங்குமுன் நாமே சோதிக்க முடியுமா?

முடியும். புது டயஃப்ரத்தில் இரண்டு துண்டு வெட்டி, தனித்தனியாக நுண்தராசில் எடை போடுங்கள். வேலை நடக்கும் சூட்டில், சரக்கில் ஒரு துண்டும் கழுவும் மருந்தில் ஒரு துண்டுமாக ஒரு வாரம் ஊறட்டும். துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை ஏறி மெத்தென்று ஆனாலும் சரி, இறுகி மடக்கும்போது கீறல் விட்டாலும் சரி, அந்த ரப்பர் வேண்டாம். இ.பி.டி.எம். வாங்கினால் கந்தகத்தில் பதப்படுத்தியதை விட்டு, பெராக்சைடில் பதப்படுத்தியதைக் கேளுங்கள். ஆவிச் சூட்டை அதுதான் கூடுதலாகத் தாங்கும். உணவுத் தரத்துக்கான எஃப்.டி.ஏ. 177.2600 (உணவு படும் ரப்பருக்கான அமெரிக்க விதி) சான்றில் உள்ள பேட்ச் எண்ணும் டயஃப்ரத்தில் பதித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.