அந்தப் பட்டியல் ஏன் உங்கள் மகள் கையில் இருந்தது?

அன்புள்ள அக்கா,

என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் சங்கத்துக்கு மூன்று வருடமாக நான்தான் பொருளாளர். வேலைக்கும் போய்க்கொண்டு, ராத்திரி உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். போன மாதக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் அப்பா எழுந்து, "வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எங்கே இருக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். மீதி என் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. ஒரு காசு நான் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன்.

உதவிக்கு ஆள் வருவதே இல்லை. வர முடியாதவர்கள் கூடுதலாக ஒரு தொகை கட்டிவிடலாம் என்று போன வருடம் விதி வைத்தோம். அதற்கப்புறம், வந்துகொண்டிருந்த நாலு பேரும் நின்றுவிட்டார்கள். ஆண்டு விழா டீ-ஷர்ட் கொடுத்த அன்றைக்குக்கூட நான் ஒருத்திதான் ஓடினேன். டீ-ஷர்ட்டுக்குப் பணம் கட்டியவர்கள் பட்டியலை என் மகளிடம் கொடுத்துவிட்டேன். ஏழாம் வகுப்பின் மூன்று பிரிவிலும் அவளே பெயர் வாசித்து, டிக் போட்டுக் கொடுத்து முடித்தாள். அவ்வளவு பொறுப்பான பெண். இப்படிக் குடும்பமே உழைத்தும் திருடியைக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். பதவியை விட்டுவிடலாமா? அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

சங்கப் பணத்தைக் கையாளும் பெண்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் "ஒரு காசு தொட்டதில்லை" என்ற வரி தவறாமல் இருக்கும். உங்களையும் நம்புகிறேன். அதனால் அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம். உங்கள் நேர்மையைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என் மனசு அங்கே நிற்கவில்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, அங்கே நிற்கிறது.

பணம் கட்டியவர்கள் பட்டியலை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கொடுத்து வகுப்புக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். அவள் பெயர் பெயராக வாசித்திருக்கிறாள். வாசித்த பெயர்கள் எழுந்து வந்து வாங்கிப் போயிருக்கின்றன. வாசிக்காத பெயர்கள் என்ன செய்தன, தங்கச்சி? எத்தனை பேர் அவர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். உங்கள் மகளுக்குத் தெரியும். பட்டியலில் இல்லாத முகங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளையும் அதில் இருந்திருக்கலாம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? பல வருடங்களுக்கு முன்பு, என் மகன் சின்ன வகுப்பில் படித்தபோது, வகுப்புப் புகைப்படம் கொடுக்க உதவி செய்யப் போயிருந்தேன். காசு கட்டிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் படம். ஒரு கவர் ஒரு பெயர் என்று கொடுத்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். நான் பக்கத்தில் போகுமுன்பே, "எனக்கு போட்டோன்னா பிடிக்காது ஆன்ட்டி" என்றாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவே இல்லை. மணி அடித்து எல்லாரும் வெளியே ஓடிய பிறகு திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பெண் மேசையில் விட்டுப்போன படத்தில் தன் முகம் எங்கே என்று விரலால் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தாள். என் கையில் மிச்சக் கவர்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுக்கும் துணிவு எனக்கு வரவில்லை. விதி அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அந்த விதியை ஒரு கூட்டத்தில் ஐந்தாறு அம்மாக்கள் கூடி வைத்திருந்தோம். நானும் கை தூக்கியிருந்தேன்.

அதனால்தான் உங்களை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

அடுத்தவர் பிள்ளையைத் தன் பிள்ளைபோல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள் நம்மை. அதை நான் முழுசாக நம்புகிறேன். பெற்றோர் சங்கம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. அங்கே உட்காரும்போது நீங்கள் ஒரு பிள்ளைக்கு அம்மா இல்லை, அந்தப் பள்ளியின் அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மா. 1897-ல் வாஷிங்டனில் ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹர்ஸ்ட் என்ற இரண்டு பெண்கள் கூட்டிய தாய்மார்கள் மாநாடுதான் பின்னாளில் அமெரிக்காவின் பெற்றோர்-ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது. பாலர் வகுப்புகள் வேண்டும் என்றும், சின்னப் பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்பக்கூடாது என்றும் குரல் கொடுத்த இயக்கம் அது. வழியில்லாத வீட்டுப் பிள்ளையையும் நினைத்துப் பார்த்த அப்படிப்பட்ட ஓர் அமைப்பின் பெயரால், வழியில்லாத வீட்டுப் பிள்ளை யார் என்று வகுப்புக்கே தெரியும்படி பட்டியல் வாசித்திருக்கிறோம்.

"பணம் கட்டாதவர்களுக்கும் எப்படிக் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் கொடுக்க முடியாத பொருளை வாங்கக்கூடாது. அவ்வளவுதான். வந்த பணத்தைப் பள்ளியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அதில் டீ-ஷர்ட் வந்தால் டீ-ஷர்ட், ஒரு பட்டைத் துணிதான் வரும் என்றால் பட்டைத் துணி, எதுவுமே வராது என்றால் எல்லாரும் சீருடையிலேயே ஆடட்டும். விழா ஒன்றும் குறைந்துபோகாது.

வசூலிக்கும் முறையையும் மாற்றுங்கள். ஒரே மாதிரிக் கவர் ஒன்றை எல்லாப் பிள்ளையிடமும் கொடுத்தனுப்புங்கள். முடிந்தவர்கள் முடிந்ததை வைக்கட்டும், முடியாதவர்கள் வெறும் கவரை ஒட்டி அனுப்பட்டும். எல்லாக் கவரும் திரும்பி வர வேண்டும் என்பது மட்டும்தான் விதி. உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதினால் ரசீது. யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது கவரைப் பிரித்து எண்ணும் இரண்டு பேரைத் தாண்டி, வகுப்பாசிரியர் உட்பட யாருக்கும் போகக்கூடாது. ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

இனி ஆள் வராத விஷயம். "வராவிட்டால் பணம் கட்டலாம்" என்று விதி வைத்த பிறகு நாலு பேரும் நின்றுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் விற்றீர்கள், அவர்கள் வாங்கினார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைக் காப்பகங்களில் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2000-ல் அந்த ஆய்வு வெளியானது. பிள்ளையை அழைத்துப்போக நேரம் கழித்து வரும் பெற்றோருக்கு, அவற்றில் 6 காப்பகங்களில் சின்ன அபராதம் போட்டார்கள். தாமதம் குறையும் என்றுதானே நினைப்போம்? ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை "டீச்சர் காத்திருப்பாரே" என்று கூச்சப்பட்டு ஓடி வந்தவர்கள், காசு கொடுக்கிறோம் என்றதும் நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. உங்கள் நாலு பேர் கதையும் இதேதான். கடமைக்கு ஒருமுறை விலை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். அந்த விதியை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். உடனே கூட்டம் வந்து நிற்காது. ஒவ்வொருவரிடமும் நேரில் போய், "சனிக்கிழமை ஒரு மணி நேரம் நாற்காலி அடுக்க வாருங்கள்" என்று குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பொதுவாக "உதவிக்கு வாருங்கள்" என்றால் யாரும் வரமாட்டார்கள்.

சரி, உங்களை அழவைத்த மனிதரிடம் வருவோம்.

அவர் கேட்டது மூன்றே கேள்வி. வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எங்கே. இதில் திருடி என்ற சொல் எங்கே இருக்கிறது? அதை அவர் சொல்லவில்லை, நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். கணக்கு எழுதி வைத்திருக்கும் பொருளாளர் இந்த மூன்று கேள்விக்கும் நோட்டைப் பிரித்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறீர்கள். மூன்று வருடத்தில் ஒருமுறைகூடக் கணக்கை எல்லார் முன்னாலும் படிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. படித்திருந்தால் அவர் கேட்கவே தேவை இருந்திருக்காது.

அப்புறம், சங்கத்துப் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் இருப்பது பத்திரம் இல்லை. நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணத்தில் எது சங்கத்துடையது, எது உங்களுடையது என்று பிரித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? உங்கள் கணவரா? வங்கியைப் பொறுத்தவரை அது முழுக்க உங்கள் பணம். சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. விழாவில் வரும் ரொக்கத்தை அந்த இடத்தை விட்டுக் கிளம்புமுன் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, ஒரு சீட்டில் தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி தனியாக எண்ணும் பழக்கம் இன்றோடு போகட்டும். பணத்தைத் தொடாத மூன்றாவது ஆள் ஒருவர் மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையையும் உங்கள் நோட்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்க்கட்டும். யாரையும் சந்தேகப்பட்டு இதையெல்லாம் செய்வதில்லை. தப்பே செய்யாதவர் மேல் பழி விழாமல் காப்பது இந்தச் சீட்டும் கையெழுத்தும்தான். மூன்று வருடமாக அந்தக் காவல் உங்களுக்கு இல்லாமல் இருந்திருக்கிறது.

கணக்கைப் படிக்கும்போது மேடையில் அறிவித்த தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சங்கத்திலும் "இவ்வளவு வசூல்" என்று மைக்கில் சொல்லிக் கை தட்டுகிறோம். பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, அச்சுக்கூலி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சியது என்று சொல்வதில்லை. அந்த மிச்சம்தான் பிள்ளைகளின் பணம். வசூலில் பாதிக்கு மேல் வசூல் செய்வதற்கே போயிருந்தால், அடுத்த வருடம் அந்த நிகழ்ச்சி வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும். நூலகத்துக்கு என்று கேட்டு வாங்கியது நூலகத்துக்கே போக வேண்டும், மிஞ்சினால் எதற்கு என்று கூட்டம் கூடி முடிவு செய்து, அதைக் குறிப்பில் எழுத வேண்டும். கூரை ஒழுகுகிறது, மேசை உடைந்திருக்கிறது என்று பள்ளி கேட்டால் யோசித்துக் கொடுங்கள். அது பள்ளியை நடத்துபவர்களின் பொறுப்பு. ஒரு வருடம் நாம் கொடுத்தால் அடுத்த வருடம் அவர்கள் பட்ஜெட்டில் அந்த வரியே இருக்காது.

பதவியை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது விடக்கூடாது. கேள்வி வந்த உடனே விட்டுப் போனால் அந்த மூன்று கேள்வியும் பதிலில்லாமல் உங்கள் பின்னாலேயே வரும். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, மூன்று வருடக் கணக்கையும் ரசீதோடு வரிசைப்படுத்துங்கள். ரசீது இல்லாத செலவை "ரசீது இல்லை" என்றே எழுதுங்கள், ஜோடிக்க வேண்டாம். நிர்வாகக் குழுவில் இல்லாத ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும். அந்த ஒருவராகக் கேள்வி கேட்ட மனிதரையே கூப்பிடுங்கள் என்பது என் யோசனை. கணக்கு தெரிந்தவர், கேட்கத் துணிந்தவர், இதைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். அதன்பிறகு அடுத்தவரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இறங்குங்கள். மூன்று வருடம் போதும்.

கடைசியாக அந்தப் பிள்ளைகள். இதைப் படித்தவுடன், விட்டுப்போனவர்களுக்கும் டீ-ஷர்ட் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். செய்யாதீர்கள். இப்போது அவர்களை மட்டும் கூப்பிட்டுக் கொடுத்தால் அது இரண்டாம் முறை பட்டியல் வாசிப்பதாகும். மீதிப் பணத்தில் எல்லாப் பிள்ளையும் தொடக்கூடிய எதையாவது வாங்கிப் பள்ளியில் வையுங்கள்.

மகளிடம் மட்டும் இன்றைக்கே பேசுங்கள். திட்டாதீர்கள், அவள் அம்மா சொன்னதைத்தான் செய்தாள். பட்டியலை அவள் கையில் கொடுத்தது உங்கள் தப்பு என்று அவளிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அப்புறம், பெயர் வாசித்து முடிக்கும்போது வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.