சேலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த அம்மாவை ஏற்காட்டில் சேர்ப்பதா, சேலத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சில மாதங்களுக்குச் சேலம்தான் என்பேன். ஏற்காட்டுக் காற்று நல்ல காற்றுதான், ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு, நடுராத்திரி மூச்சுத் திணறினால் பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

சரி, தரத்துக்கு வருவோம். வரவேற்பறை, தோட்டம் எல்லாம் அப்புறம். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் அறையைக் காட்டச் சொல்லுங்கள். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும், இல்லையென்றால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். திருப்பிய நேரம் குறித்த தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் அப்பா இருந்த இடத்தில் நாள் முழுவதற்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மொத்தமாக நிரப்பி வைத்திருந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் விட்டேன், புண் ஆற நான்கு மாதம் ஆனது, இன்றும் மனசு ஆறவில்லை.

பிசியோதெரபி என்றால் கட்டிலில் காலை மடக்கி நீட்டுவது மட்டும் போதாது. வாக்கர் பிடித்து எழுந்து நடக்க வைக்கிறார்களா, வீட்டுக்குப் போகும் நாளை இலக்காக வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை நர்ஸ் என்பதை மானேஜரிடம் கேட்காதீர்கள், இரவு 9 மணிக்கு மேல் நேரில் போய்ப் பாருங்கள், அனுமதிக்க மறுத்தால் அந்த இடம் வேண்டாம். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.