கல்லாயுத ஆய்வுக்குப் போக விரும்பும் மகள்: எந்தப் பட்டப்படிப்பு?

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவில் படிக்கும் மகள், ஆதிமனிதர்கள் கல்லாயுதம் செய்ததை ஆராயப் போகிறேன் என்கிறாள். இவ்வளவு படித்துவிட்டு வரலாற்றுக்குப் போவதா என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அறிவியலை அவள் விடவே வேண்டாம். இந்தத் துறையில் அதற்குத்தான் வேலை அதிகம்.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தைப் பாருங்கள். 1863-இல் அங்கே கல்லாயுதங்களை அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியலாளர். பிற்காலத்தில் அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர், அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்கு (கையில் பிடித்து வெட்டும்படி செதுக்கிய கற்கள்) சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். காஸ்மிக் கதிர்களால் கல்லில் உண்டான பெரிலியம், அலுமினிய ஐசோடோப்புகளை (அணுவகைகளை) அளந்தும், மண்ணடுக்கில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையைப் பார்த்தும் கணக்கிட்ட வயது அது. மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கருவி செய்யும் முறை மாறிவிட்டது என்று 2018-இல் காட்டினார்கள். பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறு செதில்களால் ஆன கருவிகள் பெருகிய காலம்.

செதில் என்றால் கல்லைக் கல்லால் தட்டும்போது தெறிக்கும் துண்டு. அடி விழுந்த இடத்துக்குக் கீழே அதில் சிறிய புடைப்பு இருக்கும். தாய்க்கல்லில் அதே இடம் குழிந்திருக்கும். செதில் பெயர்ந்த அந்தக் குழிவுத் தடத்தைத் தழும்பு என்போம். ஒரு தழும்பு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போனால், வெட்டியதுதான் பிந்தைய அடி. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், செய்தவர் எந்தப் பக்கம் முதலில் தட்டினார், எப்போது கல்லைத் திருப்பினார், எதை முன்கூட்டியே திட்டமிட்டார் என்பது வரை தெரியவரும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதரின் யோசனையைக் கையில் வைத்துப் படிக்கிற வேலை! உங்கள் மகள் மயங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆகவே என் யோசனை: பி.எஸ்சி. நிலவியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. பிறகு எம்.ஏ. தொல்லியல், கற்காலத்துக்குப் புனே டெக்கான் கல்லூரி பெயர்பெற்றது. அதன்பின் தொல்லியல் பாடத்தில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) பெற்றால், முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் உதவித்தொகை வரும். புள்ளியியலும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பழக்கமும் இடையிலேயே சேரட்டும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தர வேலைகள் குறைவு. முப்பதை நெருங்கும்வரை சம்பளம் நிலையாக இருக்காது. இருபத்திரண்டு வயதில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், இந்தப் பாதை அவளை நெருக்கும். அதை இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆனால் நிலவியல் பட்டம் கையில் இருந்தால், நடுவில் மனம் மாறினாலும் நிலவியலிலேயே எம்.எஸ்சி. முடித்து, நிலத்தடி நீர், சுரங்கம், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத் தேர்வு என்று வேறு கதவுகள் இருக்கின்றன. நேராக வரலாற்றுப் பட்டத்துக்குப் போவதைவிட இதை நான் முன்வைக்க அதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பம் போடுமுன் அவளைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் இருக்கும் தொல்லியல் அகழ்வைப்பகத்துக்கு (கற்காலக் கருவிகளின் காட்சியகம்) அழைத்துப் போங்கள். ஒரே ஒரு கைக்கோடரியின் முன் நின்று, அதன் தழும்புகள் அத்தனையையும் பென்சிலால் வரையட்டும். பாதியில் சலித்துவிட்டாளா, இரண்டாவது கல்லைத் தேடிப் போனாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.