பெயின்ட் அடிக்கும் முன்னால்: மாடல் கார் கேள்வி–பதில்

பழைய கார்களின் பிளாஸ்டிக் கிட் வாங்கி, கட்டி, வண்ணம் தீட்டத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கோவையில் 22 ஆண்டுகள் கார் பெயின்டராக வேலை பார்த்துவிட்டு, இப்போது மொட்டைமாடி அறையில் மாடல் கார் கட்டுபவர் பதில் சொல்கிறார்.

எனக்கு வயது 34. வங்கி வேலை. சின்ன வயதிலிருந்தே பழைய கார் என்றால் உயிர். முதல் கிட்டாக எந்தக் காரை வாங்கலாம்? 1/24, 1/25, 1/32 என்று போட்டிருக்கிறார்களே, எதை எடுப்பது?
— வாசகர், திருப்பூர்

1/24 என்றால் நிஜக் காரில் 24 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. அடிக்கணக்கில் சொன்னால் ஓர் அடிக்கு அரை அங்குலம். டாமியா, ஹசெகாவா போன்ற ஜப்பான் கம்பெனிகள் கார்களைப் பெரும்பாலும் இந்த அளவில் செய்கின்றன. ஏஎம்டி போன்ற அமெரிக்கக் கிட்கள் 1/25. இரண்டையும் அலமாரியில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 1/32 அளவில் ஏர்ஃபிக்ஸ் நல்ல பழைய கார்கள் செய்திருக்கிறது. ஆனால் பாகங்கள் பொடிசு. கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

முதல் காருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: டாமியாவின் 1/24 ஃபோக்ஸ்வேகன் 1300 பீட்டில், 1966 மாடல். நிஜக் கார் நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மாடல் சுமார் 17 செ.மீ. கையில் பிடிக்க நன்றாக இருக்கும். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் பெயின்ட். கூரான விளிம்பில் பெயின்ட் நிற்காது, விலகி ஓடும். பாலிஷ் போடும்போது அந்த இடம்தான் முதலில் தேய்ந்து அடி தெரியும். பீட்டிலில் கூரான விளிம்பு குறைவு, எல்லாம் வளைவு. ஒரே நிறம் போதும். குரோமும் கொஞ்சம்தான். 1957 செவர்லே பெல் ஏர் மேல் எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. இரட்டை நிறம், வால்சிறகு, பக்கவாட்டு முழுக்கக் குரோம் பட்டை. அதை மூன்றாவது, நான்காவது காராக வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்துச் செய்யப் படம் தேடித் திண்டாட வேண்டாம் என்பது இன்னொரு வசதி. 2003-இல் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி இறங்கும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் பீட்டில் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆண்டைப் பார்த்துப் படம் எடுங்கள். 1966 வண்டியில் முன்விளக்குக் கண்ணாடி மட்கார்டின் சரிவோடு சாய்ந்திருக்கும். பின்னால் வந்தவற்றில் அது நிமிர்ந்துவிட்டது.

பாகங்களை வெட்ட நெயில் கட்டர், ஒட்ட ஃபெவிக்விக், இவை போதுமா? நான் கல்லூரி மாணவன், அதிகம் செலவு செய்ய முடியாது.
— வாசகர், நாகர்கோவில்

நெயில் கட்டர் வேண்டாம் தம்பி. அது வெட்டாது, நசுக்கும். ஒரு சின்ன சைடு கட்டர் வாங்கு. பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒன்றை எடுக்கும்போது இரண்டு வெட்டு: முதலில் தள்ளி வெட்டிப் பாகத்தை விடுவி, அப்புறம் மிச்சமிருக்கும் குச்சியை ஒட்டினாற்போல் வெட்டி, வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய். ஒரே வெட்டாக வெட்டினால் பாகத்தில் குழி விழும்.

ஃபெவிக்விக் இடையில் ஒரு படலமாக நின்று ஒட்டுகிறது. மாடலுக்கான பிளாஸ்டிக் சிமென்ட் அப்படி இல்லை. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். இரு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பில் பிரஷ்ஷைத் தொட்டால் போதும், சிமென்ட் தானே இடுக்குக்குள் ஓடும். சைடு கட்டர், கத்தி, சிமென்ட் மூன்றுக்கும் மட்டும் காசு செலவு செய். வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 எல்லாம் கார் பெயின்ட் கடையில் தாளாகவே கிடைக்கும்; எண் கூடக் கூடத் தாள் நைஸ். பிடித்துக்கொள்ளத் துணி கிளிப், பூசப் பல்குச்சி. சரி, தொடங்கு.

ஐயா, ஸ்ப்ரே கேனில் சிவப்பு அடித்தேன். மேலே ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு, கதவுக்குக் கீழே வடிந்தும்விட்டது. இரண்டு தப்பும் ஒரே காரில் எப்படி வரும்?
— வாசகர், தாம்பரம்

வரும். தொடக்கத்தில் பயந்து தூரத்திலிருந்து அடித்திருப்பீர்கள். துளி காற்றிலேயே பாதி காய்ந்து வந்து உட்காரும். பரவிச் சமமாக அதில் ஈரம் இருக்காது. அதுதான் ஆரஞ்சுத் தோல். நிறம் ஏறவில்லையே என்று அப்புறம் கிட்டே போய் ஒரே இடத்தில் நின்றிருப்பீர்கள். வடிந்துவிட்டது. நான் ஷெட்டில் சேர்ந்த முதல் மாதம் செய்ததும் இதேதான்.

ஷெட்டில் எனக்குப் பெயின்ட் துப்பாக்கியைக் கையில் கொடுக்க எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை பட்டி பார்ப்பதும் வாட்டர் பேப்பர் தேய்ப்பதும்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். பெயின்ட் எதையும் மறைக்காது, அடியில் இருப்பதைப் பளபளப்பாக்கிக் காட்டும். மாடலிலும் இதே கதைதான். கிட்டின் பாடியை விளக்கில் சாய்த்துப் பாருங்கள்: மட்கார்டின் மேலும் கூரையின் ஓரத்திலும் மயிரிழை போல ஒரு மேடு ஓடும். அச்சின் இரண்டு பாதி சேரும் கோடு அது. 600-இல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அதை எடுக்க வேண்டும். கதவு, பானட் இடைக்கோடுகளைக் கத்தியின் பின்முனையால் மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து ஆழமாக்குங்கள். நான்கைந்து கோட்டு, அதாவது நான்கைந்து பூச்சு, பெயின்ட் ஏறினால் அவை தூர்ந்துவிடும். அச்சில் பூசிய எண்ணெய்ப் பசை போகப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு குளியல். அப்புறம் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. விட்டுப்போன கீறல் எல்லாம் அதில் தெரியும். தேய்த்து மறுபடி பிரைமர். சிவப்பு, மஞ்சள் அடிப்பதாக இருந்தால் கடைசிப் பிரைமர் வெள்ளையாக இருக்கட்டும். சாம்பல் மேல் சிவப்பு மங்கும்.

கேனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடுப்பில் காட்டவே கூடாது, வெடிக்கும். சூடான பெயின்ட் பொடித்துளியாக வரும். 20 செ.மீ. தள்ளி, காருக்கு வெளியே விரலை அழுத்தத் தொடங்கி, காரைக் கடந்த பிறகு விடுங்கள். முதல் இரண்டு கோட்டு தூசி படிந்தாற்போல, அடி தெரிகிற அளவுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். மூன்றாவது ஈரக் கோட்டு. அதற்கு என்னிடம் ஓர் அளவு உண்டு. தலைக்கு மேல் டியூப்லைட் எரியட்டும். கார்க்கூரையில் அதன் பிம்பத்தைப் பாருங்கள். முதலில் பஞ்சு போலக் கலைந்திருக்கும். ஈரம் ஏற ஏறக் கோடு கூடி வரும். நூல் பிடித்தது போல நேரானதும் கையை எடுத்துவிடுங்கள், அடுத்த நொடி வடியும். உடனே ஒரு வாளியைக் கவிழ்த்து மூடுங்கள், தூசி விழாது.

முதலில் காரில் அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு டஜன் வாங்குங்கள். ஸ்பூனின் முதுகும் பீட்டிலின் மட்கார்டும் ஒரே வளைவு. நான் இன்றைக்கும் புது நிறம் என்றால் ஸ்பூனில்தான் தொடங்குகிறேன்.

இப்போது அடித்ததை என்ன செய்வது? ஒரு வாரம் தொடாதீர்கள். மூக்கருகே வைத்தால் பெயின்ட் வாடை வரக்கூடாது. வந்தால் இன்னும் காயவில்லை. வடிந்த இடத்தை ஐஸ் குச்சியில் 1000 தாளைச் சுற்றித் தண்ணீரோடு தேய்த்துச் சமமாக்குங்கள். சொரசொரப்பை 2000-இல் எடுத்துவிட்டு மேலே ஒரு ஈரக் கோட்டு. கார் பிழைத்துவிடும்.

கேன் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். டாமியாவில் டிஎஸ் என்பது இந்தக் கிட் பிளாஸ்டிக்குக்கு. பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு. நிஜக் காருக்கு அடிக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டும் கூடாது. என் முதல் கிட்டில் கைப்பழக்கத்தில் அதைத்தான் அடித்தேன். பிரைமரும் இல்லை. பானட் முழுக்க வறண்ட குளத்துத் தரை போல வெடித்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நவம்பரில் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன். கறுப்புக் கார் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. கேன் கெட்டதா?
— வாசகி, நாகப்பட்டினம்

கேன் நன்றாகத்தான் இருக்கும், காற்றில்தான் ஈரம். தின்னர் ஆவியாகும்போது பெயின்ட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. வெயில் அடிக்கும் ஒரு நாளில் அதே கிளியரை மெல்லிசாக ஒரு கோட்டு அடித்துப் பாருங்கள். மேற்பரப்பு மறுபடி இளகி ஈரம் வெளியேறினால் பெரும்பாலும் கறுப்பு திரும்பிவிடும். உங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டுவது, தேய்ப்பது, இருக்கை, எஞ்சின் வேலைகளைப் பாருங்கள். பாடி பெயின்ட்டைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அறை வீடு, கைக்குழந்தை வேறு. ஸ்ப்ரே அடிக்க இடமில்லை. பிரஷ்ஷாலேயே முழுக் காரையும் முடிக்கலாமா?
— வாசகி, சென்னை

முடிக்கலாம். ஆனால் பளபளக்கும் பாடியைப் பிரஷ்ஷில் கொண்டுவருவது கஷ்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எடுத்து, பால் பதத்துக்கு நீர்க்க வைத்து, அகலமான மென்மையான பட்டை பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். காய்கிற இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். நான்கு, ஐந்து கோட்டு. நடுநடுவே 2000 தாளில் லேசாகத் தேய்ப்பு. டயர், டாஷ்போர்டு, இருக்கை எல்லாம் நானும் பிரஷ்ஷில்தான் செய்கிறேன். டயருக்குத் தனிக் கறுப்பு அடித்தால் பொம்மை போலத் தெரியும். கொஞ்சம் சாம்பல் கலந்துகொள்ளுங்கள்.

பாடிக்கு மட்டும் ஸ்ப்ரே வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போங்கள். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். வீட்டுக்குள் பூஜை விளக்கோ அடுப்போ எரியும்போது கேனைத் தொடவே கூடாது. வாடை முழுக்கப் போகும்வரை காரை மாடியிலேயே விட்டுவிடுங்கள், குழந்தை இருக்கும் அறைக்கு வேண்டாம்.

கண்ணாடியை ஒட்டினேன், மறுநாள் பனி படர்ந்தது போல ஆகிவிட்டது.
— வாசகர், சேலம்

ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூவின் ஆவி அது. கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும். வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெரியாது. பிசகினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

ஜன்னலைச் சுற்றியிருக்கும் மெல்லிய குரோம் பட்டைக்கு வெள்ளிப் பெயின்ட் பூசினால் சாம்பலாகத்தான் தெரிகிறது. வேறு வழி உண்டா?
— வாசகர், ஈரோடு

உண்டு. பேர் மெட்டல் ஃபாயில் என்று பின்பக்கம் பசை உள்ள மிக மெல்லிய அலுமினியத் தாள் வருகிறது. பட்டையை விட அகலமாக ஒரு துண்டு வெட்டி மேலே வையுங்கள். பல்குச்சியின் முனையைத் தேய்த்து மழுங்கவைத்து, அதால் தாளை அமுக்கி நீவுங்கள். சுருக்கம் போய், பட்டையின் விளிம்பு தாளுக்கு மேலே எழுந்து தெரியும். அந்த விளிம்பை ஒட்டிப் புது பிளேடை, அதன் சொந்தக் கனமே போதும் என்கிற அளவில் இழுங்கள். அழுத்தினால் பெயின்ட்டும் அறுபடும். பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், ஆகவே ஜன்னலுக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை உரித்தால் நிஜ உலோகம் நிற்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் இதுதான்.

அப்பா 1980-களில் வாடகைக்கு ஓட்டிய வெள்ளை அம்பாசிடரைச் சிறிதாகச் செய்து அவருக்குக் கொடுக்க வேண்டும். அவருக்கு இப்போது 76 வயது. எனக்கு இதில் அனுபவமே இல்லை. முடியுமா?
— வாசகி, மதுரை

முடியும் அம்மா. கிட் தேடி அலைய வேண்டாம். பொம்மைக் கடையில் பின்னுக்கு இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடர் கிடைக்கும். நான் என் மாமாவுக்கு அதில்தான் செய்து கொடுத்தேன். அடியில் உள்ள திருகைக் கழற்றி மோட்டாரை எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கரை உரித்து, சோப்பில் கழுவி, 600-இல் தேய்த்து, வெள்ளைப் பிரைமர் அடியுங்கள். கிட் சிமென்ட் எல்லாப் பொம்மை பிளாஸ்டிக்கிலும் பிடிக்காது. உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி இது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை ஓடிய உற்பத்தியில் உடம்பு அதிகம் மாறவில்லை, மூக்குதான் மாறியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று கிரில் (முன்பக்கக் கம்பித் தடுப்பு) வேறு வேறு. அப்பா வண்டியோடு நிற்கும் பழைய படம் ஒன்று வீட்டில் இருக்கும். முதலில் அதைத் தேடி எடுத்து, கிரில்லின் கம்பிகளை எண்ணிப் பாருங்கள்.

சுத்த வெள்ளை அடிக்காதீர்கள். இந்த அளவில் அது கண்ணைக் குத்தும். வெள்ளையில் துளி கிரீம் கலந்த நிறமாக வாங்குங்கள். கதவு இடைக்கோட்டில் கறுப்பு விட்டால் கோலம் போட்டது போல நிற்கும்; நீர்த்த சாம்பலை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள், கோட்டிலேயே ஓடி நிற்கும், மேலே வழிந்ததைத் துடைத்துவிடலாம்.

எதற்கு என்று சொல்லாமல் அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தாரா என்று. பெரும்பாலும் ஆமாம் என்பார். டிஷ்யூ தாளின் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்து, சீட்டின் முதுகளவுக்கு வெட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துச் சாய்மானத்தின் மேல் போடுங்கள். ஈரம் இருக்கும்போதே குண்டூசி முனையால் இரண்டு மடிப்பு இழுத்து, ஒரு ஓரத்தைக் கொஞ்சம் கீழே சரியவிடுங்கள். ஓட்டுநர் சீட்டில் துண்டு எப்போதும் கதவுப் பக்கமாகத்தான் சரிந்திருக்கும்.