கொல்லையில் சாரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீடு வயலை ஒட்டியிருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கொல்லையில் ஒரு சாரைப்பாம்பு நடமாடுகிறது. அடித்துவிடச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தார். விட்டுவைப்பதால் என்ன பயன்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அருள்கூர்ந்து அடிக்காதீர்கள். சாரைக்கு நஞ்சு இல்லை. நெற்பயிரை அடித்தண்டில் கத்தரித்து, கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்த்து, வரப்பையும் குடைந்து நீரை வடியவிடும் எலிகளை, அவை வெளியே வந்தால்தான் பூனையும் ஆந்தையும் பிடிக்க முடியும். சாரையோ வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். எலிமருந்து வைத்தால், அதைத் தின்ற எலியைத் தூக்கிச் செல்லும் ஆந்தையும் சாகக்கூடும். சாரையால் அந்தக் கேடு இல்லை. தவிர, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள்.

கேள்வி: சாரை இருக்கட்டும். நல்ல பாம்பும் விரியனும் கடித்து ஆண்டுதோறும் பலர் சாகிறார்களே! எங்கள் அச்சத்தில் என்ன தவறு?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: தவறே இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள் என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது. ஆனால் கண்ணில் படும் பாம்பையெல்லாம் அடிப்பதால் இந்தச் சாவுகள் குறைவதில்லை. அடிக்கப் போய்க் கடிபட்டவர்களும் உண்டு. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குபவரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ அதிகம் இராததால் பலர் அதைப் பொருட்படுத்தாமல் மறுபடியும் உறங்கிவிடுகிறார்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிக்கொள்வதும், இருட்டில் டார்ச் விளக்குடன் நடப்பதும் தடியை விடப் பெரிய காவல். கடிபட்டால், கயிற்றால் இறுக்கிக் கட்டாமலும், கடிவாயைக் கீறாமலும், மந்திரிப்பவரிடம் போய் நேரத்தை இழக்காமலும், கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

அந்த மருந்துக்கு மூலமே பாம்பின் நஞ்சுதான். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சை எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே மருந்து தயாராகிறது. இருளரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மிகத் தாமதமாக வந்த மரியாதை என்றே கருதுகிறேன்.

கேள்வி: ஒரு பாம்பை அடித்தால் அதன் இணை தேடிவந்து பழிவாங்குமா? சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைவதைப் பார்த்திருக்கிறேன்.
- வாசகர், பரமக்குடி

பதில்: பாம்புகள் இணையாக வாழ்வதுமில்லை, ஆளை நினைவில் வைத்துப் பழிதீர்ப்பதுமில்லை. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் பெண்ணுக்காக மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகளாகவே இருக்கும். தோற்றது விலகிப் போய்விடும்; அதுவரை எட்ட நின்று பார்க்கலாம்.